ஊர்ச் சங்கத்தின் காசு: பிள்ளைகளுக்கு வருத்தம் வராமல் காக்க எதில் போடலாம்?

யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் ஒரு நலன்புரிச் சங்கம் இருக்கிறது. அதற்கு லண்டனிலோ ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ ஒரு கிளையும் இருக்கும். கோயில் கோபுரம், பாடசாலை மதில், விளையாட்டு மைதானம் என்று போய்க்கொண்டிருந்த காசு கொரோனாவுக்குப் பிறகு சுகாதாரப் பக்கமும் திரும்பியிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் "சின்னப் பிள்ளைகளுக்குத் தொற்று வருத்தங்கள் வராமல் ஏதாவது செய்வோம்" என்று கூட்டத்தில் பேச்செடுத்தால், எந்த ஊரிலும் அநேகமாக இந்த ஐந்தும்தான் வரும்: ஆர்.ஓ. பிளாண்ட் (மெல்லிய சவ்வால் தண்ணீரை வடிகட்டும் இயந்திரம்), அரசாங்கம் போடாத தடுப்பூசிகளை வாங்கிப் போடுவது, நுளம்புக்குப் புகையடிக்கும் இயந்திரம், ஆஸ்பத்திரிக்கு உபகரணம், கிணறும் மலசலகூடமும் திருத்துவது. கடைசியாகச் சொன்னதைப் பின்வரிசையில் இருந்து யாராவது மெல்லச் சொல்வார். அடுத்த ஆள் எழும்பிப் பேசியதும் அது அப்படியே அமுங்கிப் போகும்.

வலிகாமத்தில் எங்கள் ஊரிலும் இதே கதைதான். "அண்ணை, பேர்ப்பலகை வைக்கக்கூடிய மாதிரி ஒண்டு செய்வம். அங்கை இருக்கிற சனத்துக்குப் படம் அனுப்ப வேணும்" என்று பொருளாளர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. காசு தந்தவனுக்குக் கணக்கும் காட்ட வேண்டும், படமும் காட்ட வேண்டும்.

என் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஊர்களுக்கு அந்தப் பின்வரிசை யோசனைதான் சரி என்று நினைக்கிறேன். அதோடு ஒன்று சேர்ப்பேன்: இயந்திரம் வாங்குகிற காசில் ஒரு பங்கை வாராவாரம் வேலை செய்யும் ஒரு ஆளுக்குக் கொடுக்க வேண்டும். ஏன் என்பதற்கு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், எங்களுக்கு ஏற்கனவே கையில் இருப்பது என்ன? 1990-இல் உலகம் முழுவதும் ஐந்து வயதுக்குள் இறந்த பிள்ளைகள் ஒரு கோடியே இருபத்தைந்து இலட்சத்துக்கு மேல். 2022-இல் அது 49 இலட்சம். ஐம்பது இலட்சத்துக்குக் கீழே இறங்கியது அதுவே முதல் தடவை. இந்த இறக்கத்தில் தடுப்பூசிக்குப் பெரிய பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1974-இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. அந்த ஐம்பது வருடத்தில் தடுப்பூசிகள் காப்பாற்றிய உயிர்கள் 15 கோடியே 40 இலட்சம் என்று 2024-இல் கணக்கிட்டார்கள். அதில் பாதிக்கு மேல் சின்னமுத்து ஊசி ஒன்றினால் மட்டும் காப்பாற்றப்பட்டவை.

இலங்கை இதில் கெட்டிக்கார மாணவன். 1978-இல் திட்டம் இங்கே வந்தது. கடைசிப் போலியோ நோயாளி கண்டது 1993-இல். 1995-இலிருந்து தேசிய போலியோ நாட்களில் சொட்டு மருந்து கொடுப்பதற்காகவே இரண்டு பக்கமும் துவக்கை இறக்கி வைத்திருந்தன. வடக்கில் அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். போர்க்காலத்தில் வன்னியையும் குடாநாட்டையும் உலுக்கிய மலேரியாவில், உள்நாட்டுத் தொற்றாக வந்த கடைசி நோயாளி 2012-இல். 2016-இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. சின்னமுத்து ஒழிப்புச் சான்றிதழ் 2019-இல். அது 2023-இல் திரும்ப எட்டிப் பார்த்தது என்பதையும் மறக்கக்கூடாது. ஊசி தவறிய பிள்ளைகள் ஓரிடத்தில் சேர்ந்தால் சான்றிதழ் ஒன்றும் தடுக்காது.

ஆக, ஆஸ்பத்திரியை விட்டு வரமுன் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி, பிறகு 2, 4, 6 மாதங்களில் ஐந்து நோய்க்கான ஒரே ஊசியும் போலியோவும், 9 மாதத்தில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான ஊசி, ஒரு வயதில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி என்று பதிவேட்டில் குறித்தபடி இலவசமாக நடக்கிறது. மிட்வைஃப் வீடு தேடி வந்து விசாரிக்கிறார். இதற்கு மேல் சங்கம் எதையாவது செய்வதென்றால், இந்த வரிசை விட்டுவைத்த ஓட்டையைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஏற்கனவே இருப்பதற்கு மேல் ஒரு பூச்சுப் பூசுவதில் பயனில்லை.

ஓட்டை என்றதும் பலர் முதலில் காட்டுவது தடுப்பூசி அட்டவணையில் இல்லாத ஊசிகளைத்தான். நியூமோனியாவைத் தடுக்கும் நியூமோகொக்கஸ் ஊசி, வயிற்றோட்டத்துக்கான ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து, கொப்புளிப்பான், செங்கண்மாரி ஏ, நெருப்புக்காய்ச்சல். இதில் முதல் இரண்டும் சும்மா விட்டுவிடக்கூடிய விஷயமில்லை. உலகத்தில் பிள்ளைகளைக் கொல்லும் தொற்றுநோய்களில் நியூமோனியாதான் முன்னுக்கு நிற்கிறது. வருடத்துக்கு ஏழு இலட்சத்துக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அதில் இறக்கிறார்கள். வயிற்றோட்டத்தில் நாலு இலட்சத்துக்கு மேல். ரோட்டா சொட்டு மருந்தை எல்லா நாடுகளும் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே சொல்லிவிட்டது.

பிறகு ஏன் எங்கள் அட்டவணையில் இல்லை? இங்கேதான் ஒரு விநோதம். ஏழை நாடுகளுக்கு ஊசி வாங்க உதவும் காவி என்ற அமைப்பு 2000-இல் உருவானது. நாட்டின் வருமானம் ஒரு அளவைத் தாண்டினால் உதவி நின்றுவிடும். இலங்கை தாண்டிவிட்டது. காவி உதவியோடு வங்காளதேசமும் நேபாளமும் நியூமோகொக்கஸ் ஊசியை 2015-இலேயே தொடங்கிவிட்டன. பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ரோட்டாவும் நியூமோகொக்கஸும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். நாங்கள் நடுவிலே நிற்கிறோம்: உதவி கேட்கிற அளவுக்கு ஏழையுமில்லை, கேட்ட விலைக்கு வாங்கும் அளவுக்குப் பணக்காரனுமில்லை.

அப்படியானால் சங்கமே வாங்கிப் போட்டால் என்ன? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கிலே இறங்கினால்தான் சிக்கல் தெரியும். தனியாரிடம் ஒரு பிள்ளைக்கு நியூமோகொக்கஸ் ஊசி முழுதாகப் போட்டு முடிக்க, கூலி வேலை செய்யும் தகப்பனின் பல நாள் சம்பளம் போகும். இந்த வருடம் பிறந்த பிள்ளைகளுக்குப் போட்டால் அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு யார் போடுவது? யாருக்குக் கொடுப்பது, யாருக்கு விடுவது என்பதில் ஊர்ப் பகையும் வரும். இதைவிடப் பெரிய விஷயம், நோய் பரவுவதை ஊர் அளவில் தடுக்க வேண்டுமென்றால் சுற்றுவட்டாரத்தில் பெரும்பங்கு பிள்ளைகளுக்குப் போட்டிருக்க வேண்டும். ஒரு ஊரில் நாற்பது பிள்ளைகளுக்குப் போட்டால் அந்த நாற்பது பேருக்கு நன்மை. பக்கத்து ஒழுங்கைக்கு ஒன்றுமில்லை.

இருந்தாலும் இதை முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகள், இருதயக் கோளாறு உள்ளவர்கள், மண்ணீரல் எடுத்தவர்கள், தலசீமியா மாதிரியான இரத்த நோயுள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நியூமோகொக்கஸ் ஊசி தேவை என்று பிள்ளை வைத்தியர் எழுதிக் கொடுத்து, வீட்டால் முடியாதென்றால் சங்கம் அந்தக் காசைக் கொடுக்கலாம். ஆட்கள் குறைவு, பயன் பெரிது. சொந்தக் காசில் தங்கள் பிள்ளைக்குப் போட நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: ரோட்டாவுக்கு முதல் சொட்டை முதல் மூன்று மாதத்துக்குள் தொடங்கும்படிதான் வைத்தியர்கள் சொல்வார்கள், பிள்ளை தவழத் தொடங்கிய பிறகு யோசித்தால் பிந்திவிடும். கொப்புளிப்பான் ஊசி என் வரிசையில் கடைசி. ஆரோக்கியமான பிள்ளைக்கு அது பெரும்பாலும் ஒரு வாரத்து அரிப்பும் வேப்பிலையுமாகப் போய்விடும். நெருப்புக்காய்ச்சல் ஊசி யாழ்ப்பாணத்தில் யோசிக்கத்தக்கது. நாட்டில் நெருப்புக்காய்ச்சல் என்றாலே யாழ் மாவட்டத்தின் பெயர் கூடவே வந்துகொண்டிருந்த காலம் உண்டு. ஆனால் நெருப்புக்காய்ச்சலும் செங்கண்மாரி ஏ-யும் வருவது மலம் கலந்த தண்ணீராலும் சாப்பாட்டாலும்தான். அதனால் பேச்சு எப்படியும் கிணற்றடிக்கே வந்து நிற்கிறது.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்று இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஆறு. மழைத்தண்ணீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் ஊடாக இறங்கி, கீழேயுள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே நன்னீராக மிதக்கிறது. எங்கள் கிணறுகள் அதைத்தான் தொடுகின்றன. தண்ணீர் வேகமாக இறங்கும் அதே வெடிப்புகளால் மலக்குழித் தண்ணீரும் இறங்கும், தோட்டத்துப் பசளையும் இறங்கும். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் ஐம்பது அடி வேண்டும் என்று பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்வார். இரண்டு பரப்புக் காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்து, ஆளுக்கு ஒரு வீடும் ஒரு மலக்குழியும் வந்த பிறகு அந்த ஐம்பது அடியை எங்கே தேடுவது? உங்கள் குழி உங்கள் கிணற்றுக்குத் தூரமாக இருந்தாலும், வேலிக்கு அந்தப் பக்கத்தாரின் குழி உங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கும்.

இதில் இரண்டு வேறு வேறு பிரச்சினைகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பிழையான இயந்திரம் வாங்கப்படுகிறது.

ஒன்று கிருமி. வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி எல்லாம் இந்தப் பக்கம். கொதிக்க வைத்தால் போகும், சரியான அளவில் குளோரீன் போட்டாலும் போகும். மற்றது நைத்திரேற்று. இணுவில், கோண்டாவில், உரும்பிராய் மாதிரி வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் நெருக்கமாகச் செய்கிற பகுதிகளில் யூரியாவும் மாட்டெருவும் கரைந்து கிணற்றுக்குள் வருகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேலே போனால் ஆபத்து முக்கியமாக ஆறு மாதத்துக்குட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும். இதைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. கொதித்துத் தண்ணீர் வற்ற வற்ற மிச்சத் தண்ணீரில் நைத்திரேற்றின் செறிவு கூடும். குளோரீனும் ஒன்றும் செய்யாது. ஆர்.ஓ. தான் எடுக்கும். ஆனால் அந்த வயதுக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் கிணற்றுத் தண்ணீர் வாய்க்கே போகாதே. 2016-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் இலங்கையில் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடித்த பிள்ளைகள் 82 வீதம். மிச்சமுள்ள பிள்ளைகளின் வீடுகள் எவை என்று மிட்வைஃபுக்குத் தெரியும். அந்த வீடுகளுக்கு மட்டும் நல்ல தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவையும் ஒரு பிளாண்டின் செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆர்.ஓ. வேண்டாம் என்று சொல்லவில்லை. தீவுப் பகுதிக்கும் வடமராட்சி கிழக்கின் கரையோரத்துக்கும் அது தேவை. உவர்த் தண்ணீரை வேறு எப்படிக் குடிக்க முடியும்? நைத்திரேற்று வரம்பைத் தாண்டிய தோட்டப் பகுதிப் பாடசாலைக்கும் பொருந்தும். ஆனால் வாங்கியதோடு வேலை முடியாது. மெம்பிரேன் என்ற அந்தச் சவ்வை மாற்ற வேண்டும், கரண்ட் பில் வரும், வடித்து ஒதுக்கும் கழிவுத் தண்ணீரை எங்கே விடுவது என்ற கேள்வி வரும். குடாநாட்டில் திறப்புவிழாப் படம் எடுத்த கையோடு பூட்டிக் கிடக்கும் பிளாண்டுகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஓடுகிற பிளாண்டிலும் சுத்தமான தண்ணீரைச் சனம் பிடித்துப் போவது பாசி பிடித்த கானில். வீட்டில் அதற்குள் கைவிட்டுக் கோப்பையால் அள்ளினால், எடுத்துப்போட்ட கிருமி திரும்ப வந்துவிடும். ஆர்.ஓ. தண்ணீரில் குளோரீன் மிச்சமில்லாததால் தடுக்கவும் ஒன்றும் இராது.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். தாளையடியில் கடல்தண்ணீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளுக்கு 24,000 கனமீற்றர் கொடுக்கும் அளவில் கட்டப்பட்டது. குளோரீன் கலந்த குழாய்த் தண்ணீர் உங்கள் ஒழுங்கைக்கு எப்போது வரும் என்று நீர் வழங்கல் சபையில் முதலில் கேளுங்கள். கெதியில் வரும் என்றால் பிளாண்டுக்குக் கொட்டும் காசை வசதியில்லாத வீடுகளின் இணைப்புக் கட்டணத்துக்குக் கொடுப்பது நல்லது.

சரி, கிருமிக்கு என்ன வழி? வெளிநாட்டு அனுபவம் ஒன்று இங்கே உதவும். வங்காளதேசம், கென்யா, சிம்பாப்வே மூன்றிலும் தண்ணீருக்குக் குளோரீன், மலசலகூடம், கைகழுவல் எல்லாவற்றையும் கிராமங்களில் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2018, 2019-இல் வந்தன. வங்காளதேசத்தில் வயிற்றோட்டம் குறைந்தது. மற்ற இரண்டிலும் குறையவில்லை. பிள்ளைகளின் வளர்த்தியில் ஒரு இடத்திலும் முன்னேற்றம் தெரியவில்லை. "கிணறு திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வீட்டுக்காரர் தாங்களே ஒவ்வொரு நாளும் குளோரீன் அளந்து போடுவார்கள் என்று நம்பிச் செய்கிற திட்டம் பல இடங்களில் தளர்ந்துபோகிறது. டாக்காவில் வேறு மாதிரிச் செய்தார்கள். பொதுக் குழாய் வரும் தொட்டியில் தானாகவே குளோரீன் கலக்கும், கரண்ட் தேவையில்லாத ஒரு சின்னக் கருவியைப் பூட்டினார்கள். யாரும் ஒன்றும் செய்யத் தேவையில்லை. பிள்ளைகளின் வயிற்றோட்டம் 23 வீதம் குறைந்தது என்று 2019-இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

இது எங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. முன்பள்ளி, பாடசாலை, கோயில் மடம், சனசமூக நிலையம் எல்லாவற்றிலும் கிணற்றிலிருந்து மோட்டரால் மேல்தாங்கிக்கு ஏற்றித்தான் குழாயில் வருகிறது. தாங்கியில் குளோரீன் கலந்து, அரை மணித்தியாலம் கழித்துக் குழாயில் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் அளவில் மிச்சம் நிற்கிறதா என்று பரிசோதனைப் பெட்டியால் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குள் குளோரீன் தூள் போடுவதும் தேவைதான். ஆனால் ஊற்றுத் தண்ணீர் புதிதாக வந்துகொண்டேயிருப்பதால் அது சில நாளில் கரைந்து போய்விடும். மாரிக்கு ஒருமுறை போட்டுவிட்டு வருடம் முழுக்கத் தண்ணீர் சுத்தம் என்று நினைப்பது வீண். அதோடு கிணற்றுக் கட்டை உயர்த்துவது, சுற்றிவரச் சீமெந்துத் தளம் போட்டுக் குளித்த தண்ணீர் உள்ளே போகாமல் செய்வது, வலை மூடி போடுவது, அடிப்பக்கம் பூசாத பழைய மலக்குழிக்குப் பதிலாகத் தண்ணீர் கசியாத தொட்டி கட்டுவது. குருநகர், நாவாந்துறை மாதிரி நெருக்கமான கரையோரக் குடியிருப்புகளில் மலக்குழியைத் தொடாமல் கிணற்றை மட்டும் திருத்துவதில் பிரயோசனமில்லை.

புகையடிக்கும் இயந்திரத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. புகை, அந்த நேரம் பறக்கிற நுளம்பைக் கொல்லும். தொட்டியிலும் சிரட்டையிலும் இருக்கிற குடம்பிக்கும் முட்டைக்கும் ஒன்றும் ஆகாது. சில நாளில் அடுத்த கூட்டம் பறக்கும். டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீரில்லாமல் மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்துவிட்டு மழைக்குப் பொரிக்கும். நோயாளி கண்ட வீட்டைச் சுற்றிப் புகை அடிக்க வேண்டிய நேரமும் உண்டு, ஆனால் அதைத் தீர்மானிப்பது சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் வேலை. அவர்களிடம் இயந்திரம் இருக்கிறது.

டெங்கைச் சின்னதாக எண்ணுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2017-இல் நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் வந்தது. தெற்கில் தென்மேற்குப் பருவமழையோடு ஏறினால், எங்களுக்குக் கார்த்திகை முதல் தை வரை; 2023 முடிவிலும் 2024 தொடக்கத்திலும் யாழ் மாவட்டம் முன்வரிசையில் நின்றது. இங்கே ஒரு விசேஷமும் உண்டு. டெங்கு நுளம்பு நன்னீரில் மட்டும்தான் பெருகும் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாழ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குடாநாட்டின் கரையோரத்தில் உவர்த் தண்ணீரிலும் அதன் குடம்பிகளைக் கண்டுபிடித்தார்கள். பாவிக்காத கிணறுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2016-இல் மன்னாரில் கண்ட, கிணறுகளில் பெருகும் இந்திய மலேரியா நுளம்பு பிறகு யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. பாழ்கிணற்றுக்கு மீன் விடுவது, அல்லது வலையால் மூடுவது, இரண்டும் சங்கத்தால் முடிகிற காரியம். வெளிநாட்டுக்காரர் பூட்டிவிட்டுப் போன வீடுகளின் தொட்டியும் பீலியும் ஊரில் மிகப் பெரிய நுளம்புப் பண்ணை. இதைக் கிளைகளுக்கே எழுதிச் சொல்லலாம்: காசு அனுப்புவதோடு திறப்பையும் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள் என்று. (வொல்பாக்கியா கிருமி ஏற்றிய நுளம்பைப் பறக்கவிட்டு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் டெங்கை 77 வீதம் குறைத்தார்கள். அருமையான வழி, ஆனால் ஊர்ச் சங்கத்தின் கைக்கு எட்டாதது.)

ஆஸ்பத்திரிக்கு உபகரணம் கொடுப்பதென்றால் ஒரே ஒரு விதி போதும்: வார்டில் வேலை செய்கிறவர்கள் எழுத்தில் கேட்டதை, அவர்கள் கேட்ட மொடலில், திருத்த ஆள் இங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். நியூமோனியாப் பிள்ளையின் ஒட்சிசன் அளவு பார்க்கும், பிள்ளையின் விரலுக்குப் பொருந்தும் கருவி, பெட்டியில் இருந்து வெளியே எடுக்காத பெரிய மெசினைவிட எவ்வளவோ மேல்.

இந்த ஐந்துக்கும் வெளியே, யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. 1971-இல் வங்காளதேசப் போரில் மேற்கு வங்காளத்தின் பொங்காவ் அகதி முகாமுக்குள் வாந்திபேதி புகுந்தது. சேலைன் தீர்ந்துபோனதும் திலீப் மஹலனோபிஸ் என்ற வைத்தியர் உப்பும் சீனியும் கலந்த கரைசலை உறவுக்காரர் கையாலேயே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்க வைத்தார். சாவு 30 வீதத்திலிருந்து 4 வீதத்துக்கும் கீழே விழுந்தது. அந்தக் கரைசலின் பிள்ளைதான் எங்கள் கடைகளில் கிடைக்கும் ஜீவனி. ஆனால் இன்றைக்கும் வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்குச் சோடா வாங்கிக் கொடுக்கிறார்கள். அதிலுள்ள சீனி ஓட்டத்தைக் கூட்டத்தான் செய்யும். ஜீவனியைக்கூடப் பாதிப் பக்கற்றைக் கண்ணளவில் ஒரு டம்ளரில் கரைக்கிறார்கள். பக்கற்றில் எழுதிய அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது, வைத்தியர் எழுதித் தந்தால் சிங்க் மருந்தைப் பத்துப் பதினாலு நாள் முழுதாகக் கொடுக்க வேண்டும். டெங்கிலும் அப்படித்தான்: பரசிற்றமோல் தவிர வேறு காய்ச்சல் மருந்து கொடுக்கக்கூடாது என்பதும், காய்ச்சல் விட்டதும் பிள்ளை சோர்ந்து படுத்தால் அதுதான் ஆபத்தான நேரம் என்பதும் எத்தனை வீட்டில் தெரியும்?

இதையெல்லாம் செய்ய ஒரு ஆள் வேண்டும். ஊரிலேயே ஏ.எல். படித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் ஒரு தங்கச்சியோ தம்பியோ போதும், வாரத்தில் இரண்டு நாள். தாங்கிகளில் குளோரீன் பார்ப்பது, வீடுவீடாகத் தண்ணீர் தேங்கும் பாத்திரங்களைப் பார்ப்பது (குடம்பி நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறை தவறக்கூடாது), கிளினிக்குக்கு வராத பிள்ளையின் பெயரை மிட்வைஃபுக்குச் சொல்வது, ஜீவனி கரைக்கக் காட்டிக் கொடுப்பது. ஊசியும் மருந்தும் அவரின் வேலையில்லை. அதைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும், இல்லையென்றால் அரைவைத்தியம் தொடங்கிவிடும். பி.எச்.ஐ.யின் சம்மதமும் மேற்பார்வையும் இல்லாமல் இதைத் தொடங்கவும் கூடாது. சம்பளத்துக்குப் பெரிய தொகையை வங்கியில் நிரந்தர வைப்பில் போட்டு வட்டியில் கொடுப்பதே நல்லது. வருகிற வருடம் கிளைக்காரர் காசு அனுப்பாவிட்டாலும் வேலை நிற்காது.

"ஆளுக்குச் சம்பளம் குடுத்தால் ஊருக்கு என்ன மிஞ்சும்?" என்று எங்கள் கூட்டத்தில் ஒரு ஐயா கேட்டார். நியாயமான கேள்விதான். டெங்கு வராத வீட்டைப் படம் எடுக்க முடியாது. ஆனால் குளோரீன் கொப்பியை மாதாமாதம் படம் எடுத்துக் கிளைக்கு அனுப்பலாம். தாங்கிக்குக் கீழே, விருப்பமென்றால், பெயர்ப்பலகையும் வைக்கலாம். அதிலே எனக்கு ஒரு பிணக்கும் இல்லை.

எங்கள் ஊர் மாதிரி வலிகாமத்துத் தோட்ட ஊர் என்றால் நான் இப்படிப் பிரிப்பேன்: பாதிக்கு மேல் கிணறு, மலக்குழி, தாங்கிக் குளோரீனுக்கு, கால்வாசிக்குக் கிட்ட ஆளின் சம்பள வைப்புக்கு, மிச்சம் நோயுள்ள பிள்ளைகளின் ஊசிக்கும், புட்டிப்பால் குழந்தைகளின் தண்ணீருக்கும். தீவிலோ வடமராட்சி கிழக்கிலோ என்றால் முதல் பங்கு ஆர்.ஓ.வுக்குப் போகும், ஐந்து வருடப் பராமரிப்புக் காசை முதலிலேயே ஒதுக்கி வைத்தால் மட்டும்.

எதை எடுத்தாலும் தண்ணீர்ப் பரிசோதனை முதல். கிருமிக்கான மாதிரியைப் பி.எச்.ஐ. மூலம் அனுப்பலாம், நைத்திரேற்றுக்கும் உப்புக்கும் நீர் வழங்கல் சபையிடம் கேட்கலாம். தண்ணீர் அடியில் கிடக்கும் ஆவணியில் ஒருமுறை, மாரி பெய்து கிணறு நிரம்பிய மார்கழியில் இன்னொருமுறை, அதே கிணறுகளில். மலக்குழியும் கிணறும் கலக்கிறதா என்று மார்கழி மாதிரியில்தான் தெரியும். முடிவுத் தாள் வரும்வரை எந்தக் கொம்பனிக்கும் முற்பணம் கொடுக்க வேண்டாம்.